கோர் டலேன் ஏரியைச் சைக்கிளில் சுற்ற: ரயில் தடத்தில் தொடங்கி மலைச்சாலைக்கு

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் வட முனையில், வாஷிங்டன் எல்லையை ஒட்டி இருக்கிறது கோர் டலேன் ஏரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கி.மீ. நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். கரை நேராக எங்கும் ஓடாது. குன்றுகள் தண்ணீருக்குள் கால் நீட்டியதுபோல் நிற்க, இடையில் விரிகுடாக்கள். வட முனையில் ஏரியின் பெயரையே கொண்ட நகரம். சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குக் காரில் ஐந்து மணி நேரப் பயணம்.

நீண்ட தூரம் சைக்கிளில் போக ஆசை, ஆனால் மேடும் லாரியும் பயமாக இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஏரியைத்தான். ஏரிக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஒரு பழைய ரயில் தடம் 117 கி.மீ. நீளத்துக்குத் தார் போட்ட சைக்கிள் பாதையாகக் கிடக்கிறது. கார், லாரி எதுவும் அதில் வராது. கிழக்குக் கரையில் ஏறி இறங்கும் மலைச்சாலை ஒன்று, மேற்கில் வேகமான நெடுஞ்சாலை ஒன்று. எளிது, கடினம், மிகக் கடினம் மூன்றும் ஒரே ஏரியைச் சுற்றிக் கிடைக்கின்றன.

வரைபடத்தைப் பார்த்ததும் முதல் நாளே ஏரியை ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று தோன்றும். சுற்று மொத்தம் 140 கி.மீ. அளவுதான். ஆனால் புதியவர்கள் அதில் தொடங்கவே கூடாது. முதலில் ரயில் தடம், அதில் உடம்பும் வண்டியும் பழகிய பிறகு ஒரு மலை, கடைசியில் சாலை. இந்த வரிசையில் போனால் பயம் தானாகக் குறையும். மாற்றிப் போட்டால் பலர் முதல் பயணத்தோடு சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறார்கள்.

ரயில் தடம் ஏன் சுலபம்

இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பு குறைவு. நூறு மீட்டர் ஓடுவதற்குள் இரண்டு மீட்டர் உயர வேண்டும் என்றாலே சரக்கு ரயில் திணறும். அதனால் ரயில்பாதை போட்டவர்கள் குன்றைக் குடைந்தார்கள், பள்ளத்தில் மண் கொட்டினார்கள், ஆற்றின் போக்கிலேயே வளைந்து போனார்கள். தண்டவாளம் போன பிறகும் அந்தச் சீரான தரை அப்படியே இருக்கிறது. ஹாரிசன் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து வாலஸ் என்ற சுரங்க ஊர் வரை ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்துக்கு மொத்த ஏற்றம் 200 மீட்டர்கூட இல்லை. ஏறுகிறோம் என்பதே தெரியாது, திரும்பி வரும்போது வண்டி கொஞ்சம் லேசாக ஓடுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சமதளத்திலும் ஒரு சிரமம் உண்டு. மேட்டில் ஏறினால் இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும், உட்காரும் இடமும் மாறும். ரயில் தடத்தில் ஐந்து மணி நேரமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை மரத்துப்போகும், சீட் வலிக்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதைத் தொடக்கத்திலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வலி வந்த பிறகு இறங்குவதில் பெரிய பலன் இல்லை.

வண்டி

தார்ப்பாதைக்கு மட்டும் என்றால் நல்ல நிலையில் இருக்கும் எந்த கியர் சைக்கிளும் போதும். மலைச்சாலையும் சரளைக்கல் பாதையும் சேர வேண்டும் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். டயர் அகலம் 35 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும். அடுத்தது கியர்: முன்னால் இருக்கும் மிகச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்தில் பற்கள் அதிகமாக இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 34 என்றால் மூட்டையோடு எந்த மேட்டையும் உட்கார்ந்தபடியே ஏறலாம். ரேஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் இது இருக்காது. வாடகைக்கு எடுப்பவர்கள் கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள். நகரத்திலும் ஹாரிசன், கெல்லாக் ஊர்களிலும் வாடகைச் சைக்கிள் கிடைக்கும்.

சீட் உயரம் சரியில்லாமல் முட்டி வலியோடு வருபவர்களை இந்தப் பாதையில் நிறையப் பார்க்கலாம். சரிபார்ப்பது எளிது. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழ்நிலைக்குக் கொண்டுவாருங்கள். கால் நேராக நீண்டு நிற்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் சரியான உயரம்.

மூட்டையை முதுகில் சுமக்காதீர்கள். பின் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளில், இரண்டு பக்கமும் சம எடையாக, கனமானவை அடியில் இருக்கும்படி அடுக்குங்கள். விடுதியில் தங்குபவருக்கு மொத்தம் எட்டு கிலோவுக்கு மேல் தேவைப்படாது. கூடாரம் எடுத்தால் இன்னும் ஆறேழு கிலோ கூடும். வீட்டிலேயே மூட்டையோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் எவ்வளவு கூடுகிறது என்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பஞ்சர் ஒட்டத் தெரிந்தால் நல்லது, ட்யூப் மாற்றத் தெரிந்தே ஆக வேண்டும். இரண்டு ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு, அறுகோணச் சாவிகள், சிறிய எண்ணெய்க் குப்பி. இந்தப் பாதையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே கடை கிடையாது, சில இடங்களில் போன் சிக்னலும் கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை. ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆறுகளில் தண்ணீர் நிறைந்து ஓடும். ஆகஸ்டில் வெயிலும், சில ஆண்டுகளில் காட்டுத்தீப் புகையும் சேரும். புகை வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிவைப்பதுதான் சரி. அதை மூச்சில் இழுத்துக்கொண்டு மேடு ஏறக் கூடாது. என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. கூட்டம் குறைந்திருக்கும், பகலில் இதமான வெயில். காலையில் மட்டும் கையுறை வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் பாதையில் பனி கிடக்கும், சைக்கிளுக்கு ஆகாது.

முதல் நாள்: நகரத்தில் ஒத்திகை

கோர் டலேன் நகரத்துக்குள் நார்த் ஐடஹோ சென்டெனியல் டிரெயில் என்ற பாதை போகிறது. வாஷிங்டன் எல்லையிலிருந்து ஏரியின் வடகிழக்கில் ஹிக்கின்ஸ் பாயின்ட் வரை ஏறத்தாழ 37 கி.மீ. நகர மையத்திலிருந்து ஹிக்கின்ஸ் பாயின்ட் போய் வந்தால் 20 கி.மீ. அளவு வரும். ஏரி கையெட்டும் தூரத்தில் கூடவே வரும். பென்னட் விரிகுடாவின் மேல் 90-ஆம் எண் நெடுஞ்சாலையின் உயரமான பாலம் தெரியும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. கியர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதுவே போதும்.

அந்த மேட்டில் இதைப் பழகிக்கொள்ளுங்கள். மேடு தொடங்கும் முன்பே கியரை இறக்குங்கள். பாரம் கூடிய பிறகு மாற்றினால் செயின் கடகடக்கும், சில நேரம் கழன்றும் விடும். கால் வேகமாகச் சுற்ற வேண்டும், அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தால் தள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஐடஹோவில் ஒரு விசேஷமான சட்டம் உண்டு. 1982 முதலே சைக்கிள்காரர்கள் ஸ்டாப் பலகையில் கட்டாயம் நிற்க வேண்டியதில்லை. வேகம் குறைத்து, எதிரில் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு கடக்கலாம். புதியவர்கள் இந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் நின்றே போகலாம் என்பது என் கருத்து. மூட்டை ஏற்றிய வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்தப் பழக்கம் வேண்டும்.

இரண்டாம் நாள்: பிளம்மரிலிருந்து ஹாரிசன், 24 கி.மீ.

117 கி.மீ. பாதையின் பெயர் டிரெயில் ஆஃப் த கோர் டலேன்ஸ். கோர் டலேன் என்பது இங்கே ஒரு பழங்குடி மக்களின் பெயர், பாதைக்கும் அந்தப் பெயர்தான். மேற்கு முனையான பிளம்மர் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. பிளம்மரிலிருந்து ஹாரிசன் வரையிலான பகுதியைப் பழங்குடி நிர்வாகமும், அதற்குக் கிழக்கே உள்ளதை மாநிலப் பூங்காத் துறையும் பராமரிக்கின்றன. ஏரியின் தெற்குப் பகுதியின் அடிநிலம் அந்த மக்களுக்கே உரியது என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாம் அவர்கள் வீட்டு வாசலில்தான் சைக்கிள் விடுகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும்.

பிளம்மரிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இறக்கம். காட்டுக்குள் நுழைந்து ஏரி மட்டம் வரை 150 மீட்டருக்கு மேல் இறங்குகிறது பாதை. ரயில் தடம் என்பதால் செங்குத்தாக இருக்காது, ஆனால் மிதிக்காமலே வேகம் பிடிக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், எதிரில் ஏறி வருபவர்களுக்கு இடது பக்கத்தை விட்டுவையுங்கள். யாரையாவது தாண்டும்போது மணி அடியுங்கள் அல்லது குரல் கொடுங்கள்.

கீழே இறங்கியதும் ஹேபர்ன் மாநிலப் பூங்கா. 1908-இல் ஏற்பட்டது, அமெரிக்காவின் வடமேற்கில் இதுதான் மிகப் பழைய மாநிலப் பூங்கா. அடுத்து வரும் சாட்கோலெட் பாலத்துக்காகவே இந்தப் பயணத்தைப் போகலாம். ஏரியின் குறுக்கே ஏறத்தாழ 945 மீட்டர் நீளம். ஒரு காலத்தில் படகுகளுக்கு வழிவிட நடுப்பகுதி சுழன்று திறந்த ரயில் பாலம். இப்போது படகுகள் அடியில் போகும்படி நடுப்பகுதியை உயர்த்தி நிலையாக வைத்துவிட்டார்கள். இரு பக்கமும் படிப்படியான சரிவுகளாக ஏறி இறங்க வேண்டும். ரயில் தடத்தில் திடீரென்று ஒரு சின்ன மேடு வருவது இங்கேதான். பாலத்தின் உச்சியில் நின்று தெற்கே பாருங்கள். ஏரிக்குள் இரண்டு மர வரிசைகள் நீண்டு போகும். அவை செயின்ட் ஜோ ஆற்றின் கரைகள். 1906-இல் போஸ்ட் ஃபால்ஸ் அணை கட்டப்பட்டு ஏரி மட்டம் உயர்ந்தபோது ஆற்றின் இரு பக்கத்துத் தாழ்நிலமும் மூழ்கியது, கரைமேடு மட்டும் தப்பியது. ஏரிக்கு நடுவே ஆறு ஓடுவதை அப்படித்தான் பார்க்க முடிகிறது.

பாலம் தாண்டி ஹாரிசன் வரை 11 கி.மீ. பாதை தண்ணீரின் விளிம்பிலேயே போகும். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஓட்ட முடியும் என்றால் இதை ஓட்டுங்கள். குழந்தைகளோடு வருபவர்கள் ஹாரிசனில் காரை நிறுத்திவிட்டுப் பாலம் வரை போய்த் திரும்பினாலே 22 கி.மீ. நிறைவான ஒரு நாள் கிடைத்துவிடும்.

ஹாரிசன் சின்ன ஊர். பாதையை ஒட்டியே முகாம் இடம் இருக்கிறது, மேலே ஊருக்குள் சில விடுதிகள், சைக்கிள்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஐஸ்கிரீம் கடை. சைவச் சாப்பாடு கிடைப்பது கடினம். புளிச்சாதமோ சப்பாத்தியோ முதல் நாளுக்குக் கையில் இருந்தால் நல்லது. வறுத்த வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் எல்லா நாளுக்கும் வேண்டும். பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும். ஒரு மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையை விட்டு ஏன் இறங்கக் கூடாது

இதைப் படிக்காமல் யாரும் இந்தப் பாதைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். கிழக்கே கெல்லாக், வாலஸ், மல்லன் ஊர்கள் இருக்கும் பள்ளத்தாக்குக்கு வெள்ளிப் பள்ளத்தாக்கு என்று பெயர். நூறாண்டுக்கு மேல் வெள்ளி, ஈயம், துத்தநாகம் தோண்டினார்கள். தாது அரைத்த கழிவை ஆற்றில் விட்டார்கள். ரயில் தடத்துக்கு நிரப்பவும் அதே கழிவைப் பயன்படுத்தினார்கள், வேகன்களிலிருந்து தாது சிந்தியும் கிடந்தது. கெல்லாக்கில் இருந்த உருக்காலையின் ஈயப் புகை ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. 1983-இல் அந்தப் பகுதி அரசின் சூப்பர்ஃபண்ட் துப்புரவுப் பட்டியலில் சேர்ந்தது.

ரயில் ஓட்டம் நின்ற பிறகு தடத்து மண்ணை முழுக்க அள்ளிப் போட வழியில்லை. யூனியன் பசிஃபிக் ரயில்வே, பழங்குடி நிர்வாகம், மத்திய அரசு, மாநில அரசு எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரயில்வே தடத்தின் மேல் தார் போட்டு மூடுவது, அதைச் சைக்கிள் பாதையாக்குவது. உங்கள் டயருக்கு அடியில் இருக்கும் தார் விஷ மண்ணுக்குப் போட்ட மூடி. 2004-இல் பாதை திறந்தது.

அதனால் சில விதிகளை விட்டுக்கொடுக்காமல் பின்பற்றுங்கள். தாரை விட்டு இறங்காதீர்கள். உட்கார வேண்டும் என்றால் அமைத்து வைத்திருக்கும் பெஞ்சுகளிலும் மேசைகளிலும் மட்டும். சாப்பிடும் முன் கை கழுவுங்கள், அதற்கென்று தனித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை மணலில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் போகாது. கூடாரம் போடுவது முகாம் இடங்களில் மட்டும். சேறு பட்ட காலணியை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இதைக் கேட்டுப் பயந்து போகாமல் இருந்துவிட வேண்டாம். பாதையில் இருக்கும்வரை ஆபத்து இல்லை, அந்தத் தாரே அதற்காகப் போட்டதுதான்.

மூன்றாம் நாள்: ஹாரிசனிலிருந்து கிழக்கே

கட்டால்டோ வரை ஏறத்தாழ 43 கி.மீ., அங்கிருந்து கெல்லாக் 18, இன்னும் 18 போனால் வாலஸ். புதியவர்கள் கெல்லாக்கில் தங்கலாம். பழகியவர்கள் வாலஸ் வரை போகலாம்.

முதல் பாதி ஆறும் சிறு ஏரிகளும் சதுப்பும். கேவ், மெடிசின், கில்லார்னி என்று ஏரிகள் ஆற்றை ஒட்டி வரிசையாக வரும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மூஸ் மானைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. பாதையில் நின்றால் தாண்டிப் போக முயலாதீர்கள், மணி அடித்து விரட்டவும் வேண்டாம். குதிரையளவு பெரிய விலங்கு அது, குட்டியோடு இருந்தால் துரத்தும். தூரத்தில் நின்று, அது தானாக விலகும்வரை காத்திருங்கள். மேலே கம்பங்களில் ஆஸ்ப்ரே என்ற மீன்கொத்திப் பருந்தின் கூடுகள். வசந்தத்தில் வலசை வரும் அன்னங்கள் இந்தச் சதுப்பில் இரை தேடும்போது ஈய மண்ணை விழுங்கி இறப்பது இன்னும் நின்றபாடில்லை. இவ்வளவு அழகான இடத்தில் அதை அறிந்துகொண்டு ஓட்டுவது மனதுக்குக் கஷ்டம்தான்.

இந்தப் பகுதியில் கடை அரிது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள். கழிப்பறைகள் ஆங்காங்கே உண்டு. மரவேர்கள் தாரை மேலே தூக்கியிருக்கும் இடங்களில் சீட்டிலிருந்து லேசாக எழுந்து கொள்ளுங்கள்.

கட்டால்டோவில் பாதையிலிருந்து சற்று விலகினால் ஒரு குன்றின்மேல் பழைய தேவாலயம். 1850-களின் தொடக்கத்தில் ஏசு சபைப் பாதிரியார்களும் கோர் டலேன் மக்களும் சேர்ந்து கட்டியது, ஐடஹோவில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. கட்டால்டோவுக்குப் பிறகு பள்ளத்தாக்கு குறுகும், நெடுஞ்சாலை பக்கத்திலேயே வந்துவிடும், வண்டிச் சத்தம் கேட்கும். இந்தப் பகுதி முந்தையதைப் போல அழகில்லை, ஆனால் வரலாறு இங்கேதான். கெல்லாக்குக்கும் வாலஸுக்கும் நடுவே பிக் கிரீக் அருகில் சன்ஷைன் சுரங்க நினைவிடம் இருக்கிறது. 1972 மே 2 அன்று அந்தச் சுரங்கத்தில் பிடித்த தீயில் 91 தொழிலாளர்கள் இறந்தார்கள். இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாலஸ் எனக்கு இந்த வழியில் மிகவும் பிடித்த ஊர். கடைத்தெரு முழுக்க நூறாண்டுச் செங்கல் கட்டடங்கள், ஊரின் மையம் தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் இருக்கிறது. அதனால் நெடுஞ்சாலையை ஊரை இடித்துப் போட முடியாமல் தூண்களின் மேல் ஓரமாகக் கொண்டுபோனார்கள். 1991 வரை 90-ஆம் எண் நெடுஞ்சாலையின் கடைசிச் சிக்னல் விளக்கு இந்த ஊருக்குள் இருந்தது. சைக்கிள் பாதை இப்போது அந்தத் தூண்களுக்கு அடியில் போகிறது.

நான்காம் நாள்: மல்லன் அல்லது ஹையவாதா

வாலஸிலிருந்து பாதை முடியும் மல்லன் வரை 11 கி.மீ., ஏறத்தாழ 170 மீட்டர் ஏற்றம். காலையில் ஏறி, காலைச் சாப்பாட்டுக்கு வாலஸுக்கு இறங்கிவிடலாம். ரயில் தடத்தில் ஏற்றம் எப்படி இருக்கும் என்று கால் சொல்வது இந்தப் பகுதியில்தான்.

கார் வசதி இருந்தால் மல்லனைத் தாண்டி மான்டானா எல்லையில் லுக்அவுட் கணவாய்க்குப் போங்கள். அங்கே டிக்கெட் வாங்கி ஓட்டுவது ரூட் ஆஃப் த ஹையவாதா, 24 கி.மீ. சரளைக்கல் பாதை. மில்வாக்கி ரோடு என்ற ரயில் நிறுவனம் 1909 வாக்கில் மலையைக் குடைந்து போட்ட தடம், 1980-இல் கைவிட்டது, 1998-இல் சைக்கிளுக்குத் திறந்தது. பத்துச் சுரங்கங்கள், ஏழு உயரமான பாலங்கள், தொடக்கத்திலிருந்து முடிவு வரை இறக்கம். முதல் சுரங்கமே 2.7 கி.மீ. நீளம். உள்ளே இருட்டு, மேலிருந்து சொட்டும் தண்ணீர், கோடையிலும் எட்டு டிகிரிக் குளிர், இரு ஓரத்திலும் வாய்க்கால். தலைக்கவசமும் விளக்கும் கட்டாயம். போன் வெளிச்சம் போதாது, ஹேண்டில்பாரில் பொருத்தும் நல்ல விளக்கு வேண்டும். ஜெர்கினை வாசலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து ஈரத்தை உலர்த்துங்கள்.

கீழ் முனையிலிருந்து பேருந்து திரும்பக் கொண்டுவரும். ஆனால் அது நீண்ட சுரங்கத்தின் மேற்கு வாயில் வரைதான். காருக்குப் போக அந்தச் சுரங்கத்தை இன்னொரு முறை ஓட்ட வேண்டும், விளக்கின் சார்ஜை அதற்கும் மிச்சம் வையுங்கள். எல்லையில் போன் கடிகாரம் மான்டானா நேரத்துக்குத் தாவி ஒரு மணி நேரம் கூடிவிடும். கடைசிப் பேருந்தைக் கணக்கிடும்போது இதை மறக்க வேண்டாம்.

1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் இந்த மலைகளில் எரிந்த தீ ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கரை அழித்தது. வாலஸில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் ஏறத்தாழ 45 பேரை ஒரு சுரங்கக் குழிக்குள் தள்ளி, வெளியே ஓடாமல் தடுத்து, பெரும்பாலோரைக் காப்பாற்றினார். நீங்கள் ஓட்டும் இதே ரயில் சுரங்கங்களுக்குள் ரயில்களை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள்.

ஏரிச் சுற்று

ரயில் தடத்தில் நாளுக்கு 60 கி.மீ. மூட்டையோடு ஓட்டி, மறுநாள் காலையில் மறுபடி ஓட்ட மனமும் உடம்பும் இடம் கொடுக்கிறதா? சரி, இப்போது சுற்றைப் பற்றிப் பேசலாம்.

வலஞ்சுழியாகப் போங்கள். அமெரிக்காவில் வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால், வலஞ்சுழியில் ஏரி எப்போதும் உங்கள் பக்கம் இருக்கும். காட்சிக்கும் நல்லது, நின்று மூச்சு வாங்கச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதுமில்லை. ஹிக்கின்ஸ் பாயின்டோடு சைக்கிள் பாதை முடிந்துவிடும். 97-ஆம் எண் சாலை 90-ஆம் நெடுஞ்சாலையின் எக்ஸிட் 22-இல் தொடங்குகிறது. அந்த இடைவெளியைக் காரில் கடந்து, வுல்ஃப் லாட்ஜ் விரிகுடாவில் இறங்கி மிதிக்கத் தொடங்குவதுதான் புதியவர்களுக்குச் சரி.

அங்கிருந்து ஹாரிசன் 45 கி.மீ. தொடக்கம் விரிகுடாவை ஒட்டிச் சமமாக இருக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் முட்டையிட வரும் கொக்கனி சால்மனுக்காக வெண்தலைக் கழுகுகள் கூடுவது இங்கேதான். பியூட்டி விரிகுடாவைத் தாண்டியதும் மேடு. அப்புறம் ஹாரிசன் வரை ஏறுவதும் இறங்குவதும், வளைவுக்குப் பின்னால் வளைவுமாகவே போகும். சாலை குறுகல், ஓரப்பட்டை பெரும்பாலும் இல்லை. வார நாளில், காலை ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள். சனி ஞாயிறில் படகு இழுத்து வரும் வண்டிகள் அதிகம், பிற்பகலில் ஏரிக்காற்றும் எதிராக எழும். மஞ்சளோ ஆரஞ்சோ சட்டை, பகலிலும் எரியும் பின்விளக்கு, ஹேண்டில்பாரில் சிறு கண்ணாடி மூன்றும் வேண்டும். குருட்டு வளைவில் விளிம்பை ஒட்டி ஒதுங்காதீர்கள். விளிம்பில் போனால் பின்னால் வருபவர் இடம் இருக்கிறது என்று நினைத்து உரசிக்கொண்டு தாண்டுவார். கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டுங்கள், வளைவு முடிந்ததும் ஒதுங்கி வழி விடுங்கள். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போய்ப் பிரேக்கை அழுத்த வேண்டாம்.

ஹாரிசனில் ரயில் தடம் மறுபடி கிடைத்துவிடும். அன்று அங்கேயே தங்கி, மறுநாள் பாலம் கடந்து பிளம்மருக்கு ஏறுங்கள். முன்பு சும்மா இறங்கி வந்த காட்டு வழி இப்போது முழுக்க ஏற்றம், ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளம்மரிலிருந்து கோர் டலேன் நகரம் வரை 95-ஆம் எண் நெடுஞ்சாலை, 55 கி.மீ. அளவு. நீண்ட ஏற்றங்கள், லாரிகள், ஏரி கண்ணிலேயே படாது. புதியவர்கள் இதை ஓட்ட வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒரு காரைப் பிளம்மரில் நிறுத்தி வையுங்கள், அல்லது யாரையாவது வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சுற்றை முழுக்க மிதித்தே முடிக்க வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் ஞாயிறு அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள், லாரிகள் குறைவாக இருக்கும். வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஓரப்பட்டையிலேயே போங்கள். லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித் துண்டுகள் அங்கே கிடக்கும். அதனால் பஞ்சருக்கு இரண்டு ட்யூபுக்குப் பதில் மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.